ஒரே அரிசி, ஒரு பையில் வரி உண்டு, இன்னொரு பையில் இல்லை

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணத்தில் இருக்கிறேன். வீட்டுக் கணக்கை நாற்பது வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன். இந்த மாதம் வாங்கிய மூன்று பில்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்று பெரிய மளிகைக் கடை, ஒன்று துணிக்கடை, ஒன்று டிபன் சாப்பிட்ட ஓட்டல். சில சாமான்களுக்கு வரி போட்டிருக்கிறார்கள், சிலவற்றுக்கு இல்லை. தெருமுனை அண்ணாச்சி கடையில் அதே அரிசிக்கு வரியே போடுவதில்லை. யார் செய்வது சரி? பெட்ரோல் பில்லில் ஜிஎஸ்டியே கிடையாது என்கிறான் என் மகன். இந்த சேல்ஸ் டாக்ஸ் அன்றாடச் சாமான்களில் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று புரியும்படி எழுதுங்கள்.

பதில்:

டீச்சர், நீங்கள் இன்னும் ‘சேல்ஸ் டாக்ஸ்’ என்றே எழுதுவதைப் பார்த்து ஒரு சந்தோஷம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்த பிறகும் என் அலுவலகத்துக்கு வருகிற பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பழைய பெயர் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, பெட்ரோலுக்கு வரும்போது சொல்கிறேன். முதலில் உங்கள் பில்கள்.

மளிகை பில்லில் நீங்கள் பென்சிலால் கூட்டிப் பார்த்து, கணக்கு உதைக்கிறது என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். கணக்கு உதைக்கவில்லை. பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கும் எம்ஆர்பி என்பது எல்லா வரியும் உள்ளடங்கிய விலை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பில்லின் அடியில் சிஜிஎஸ்டி இவ்வளவு, எஸ்ஜிஎஸ்டி இவ்வளவு என்று வருவது ஏற்கனவே விலைக்குள் இருக்கிற வரியைப் பிரித்துக் காட்டுவதுதான், மேலே கூட்டுவதற்கு அல்ல. 105 ரூபாய் சாமானுக்கு 5% வரி என்றால் உள்ளே 100 ரூபாய் விலை, 5 ரூபாய் வரி; நீங்கள் 105-க்கு 5% போட்டு ஐந்தே கால் ரூபாய் என்று எழுதியதால்தான் ஒவ்வொரு சாமானிலும் சில்லறை இடித்தது. அந்த 5% மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி, அதனால்தான் இரண்டு தடவை 2.5% என்று போட்டிருக்கிறார்கள். பலர் இதை இரண்டு வெவ்வேறு வரி என்று நினைத்துச் சண்டைக்குப் போய்விடுகிறார்கள்.

இனி அரிசி. உங்கள் பில்லில் 5 கிலோ பொன்னி அரிசி பாக்கெட்டுக்கு 5% வரி. அண்ணாச்சி உங்கள் கண்ணெதிரே மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கிற அதே பொன்னிக்கு வரி இல்லை. இரண்டு பேர் செய்வதும் சரி! 2022 ஜூலை 18 முதல் உள்ள விதி இது: அரிசி, கோதுமை, பருப்பு, மாவு போன்றவை முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டி 25 கிலோ வரையிலான பொட்டலமாக வந்தால் 5%, லூசில் வாங்கினால் இல்லை. அதற்கு முன்னால் பிராண்ட் பெயர் பதிவு செய்ததா இல்லையா என்பதுதான் கணக்காக இருந்தது, பிராண்டை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று பல கம்பெனிகள் எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டிருந்தன, அந்த ஓட்டையை அடைக்கப் போய்த்தான் இந்தப் பொட்டலக் கணக்கு வந்தது.

25 கிலோவுக்கு மேல் போனால் வரி இல்லை என்றதும் நம் ஊர் அரிசி ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஒரு கிலோவைக் கூட்டி 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அரிசி மண்டிப் பக்கம் போனால் பாருங்கள், 26 என்று பெரிதாக அச்சடித்து அடுக்கியிருப்பார்கள். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோ பைக்கு 75 ரூபாய் வரி; ஒரு கிலோ கூடுதலாக உள்ள சிப்பத்துக்கு ஒரு பைசா வரி கிடையாது. சட்டப்படி இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பத்துக் கிலோ பைகள் ஐந்தை ஒரு பெரிய சாக்கில் போட்டு 50 கிலோ என்று சொன்னால் அந்தப் பாச்சா பலிக்காது, உள்ளே இருக்கிற ஒவ்வொரு பையும் தனிப் பொட்டலமாகத்தான் கணக்கு.

எனக்கு இந்த விதியில் வருத்தம் உண்டு. மாதம் பிறந்ததும் மொத்தமாக ஒரு சிப்பம் இறக்க முடிகிறவருக்கு வரி இல்லை, கையில் இருக்கிற காசுக்கு ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிறவருக்கு வரி உண்டு. ரேஷன் அரிசி வாங்குகிறவர்களை இது தொடாது, சிப்பம் வாங்குகிறவர்களையும் தொடாது, நடுவில் வாடகை வீட்டில் இரண்டு பேராக இருந்துகொண்டு பாக்கெட் வாங்குகிற வீடுகள்தான் மாட்டிக்கொண்டன. சரி, அது என் புலம்பல். உங்கள் வீட்டில் நான்கு பேர் என்கிறீர்கள், 26 கிலோ சிப்பம் புழு வைக்காமல் தீரும் என்றால் அதையே வாங்குங்கள்.

அண்ணாச்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கிறவர், அதுவும் மாநிலத்துக்குள்ளேயே விற்கிறவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டியில் பதிவு செய்யக் கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் உங்களிடம் வரி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆனால் அவர் கடையில் சோப்பு வாங்கினால் வரியே இல்லாமல் வாங்கினோம் என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த வியாபாரியிடம் அவர் வரி கட்டித்தான் சரக்கெடுத்திருப்பார், அது விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பில்லில் தெரியாத வரி, அவ்வளவுதான்.

உங்கள் மளிகை பில்லின் மற்ற சாமான்களைப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது, ஏனென்றால் ஒரே மாட்டிலிருந்து வந்தவை நான்கைந்து இருக்கின்றன. பாக்கெட் பாலுக்கு வரி இல்லை. அதே பால் உறைந்து பாக்கெட் தயிரானால் 5%, கடைந்து மோர் பாக்கெட்டானால் அதற்கும் 5%, நெய் 5%, ஆனால் பாக்கெட் பன்னீருக்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்களை மொத்தமாக மாற்றியபோது பன்னீரை வரியில்லாப் பட்டியலுக்குக் கொண்டுபோனார்கள், தயிரை விட்டுவிட்டார்கள். நீங்கள் வீட்டில் உறை ஊற்றுகிறவர்தானே, உங்களுக்குக் கவலை இல்லை. இட்லி மாவு வாங்கினால் 5%, வீட்டில் அரைத்தால்... சரி, அந்த உழைப்புக்கு இதுவரை யாரும் விகிதம் நிர்ணயிக்கவில்லை.

அந்த மாற்றத்துக்குப் பிறகு நிலவரம் முன்பைவிடச் சுலபம்தான். 12, 28 என்ற அடுக்குகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு 5, 18 என்று இரண்டு, அப்புறம் குளிர்பானம், பெரிய கார் மாதிரியானவற்றுக்கு 40 என்று ஆகிவிட்டது. காய்கறி, பழம், முட்டை, உப்பு, வெற்றிலை, பூ, புளி, அப்பளம், பிரெட், குங்குமம், விபூதி, கண்ணாடி வளையல் இதற்கெல்லாம் வரி இல்லை. சர்க்கரை, சமையல் எண்ணெய், மிளகாய்த் தூள், தேயிலை, ஊதுவத்தி, வீட்டு கேஸ் சிலிண்டர் எல்லாம் 5%. பிஸ்கட், சாக்லெட், ஐஸ்கிரீம், ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் முன்பு 18% இருந்தவை, இப்போது 5%-க்கு வந்துவிட்டன. கும்பகோணத்துக்காரர் என்பதால் காப்பியையும் சொல்லிவிடுகிறேன்: வறுக்காத பச்சைக் கொட்டைக்கு வரி இல்லை, வறுத்த கணமே 5%.

குழப்பம் எங்கே என்றால், அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பொருள்களில். உங்கள் பில்லில் குளியல் சோப்புக் கட்டிக்கு 5%, கை கழுவும் திரவ சோப்புக்கு 18%. பில் போட்ட பெண் தவறு செய்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள், இல்லை டீச்சர், அது சரிதான். 5% கட்டி சோப்புக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். பற்பசைக்கும் பிரஷ்ஷுக்கும் 5%, வாய் கொப்புளிக்கும் திரவத்துக்கு 18%. துணி துவைக்கிற பவுடரும் 18-லேயே நிற்கிறது. பேரனுக்கு வாங்கிய நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர் எதற்கும் வரி இல்லை, பேனாவுக்கு 18%. இதை ஒரு ஆசிரியையிடம் நான் எப்படி நியாயப்படுத்துவது? முடியாது, முயலவும் போவதில்லை. அந்தக் கலர் சோடா இரண்டு பாட்டில் வாங்கியிருக்கிறீர்களே, அதில் 40% வரி. உங்கள் பில்லிலேயே அதிக விகிதத்தில் வரி கட்டிய பொருள் அதுதான்.

புரோட்டா கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள், இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு தனி ருசி. 2020-இல் கர்நாடகத்தில் ஒரு மாவு கம்பெனி போய், எங்கள் பாக்கெட் புரோட்டாவும் சப்பாத்தி மாதிரி ரொட்டி வகைதானே, 5% போதுமா என்று, வரிச் சந்தேகத்துக்கு முன்கூட்டியே பதில் சொல்கிற முன்தீர்ப்பு ஆணையத்தைக் கேட்டது. சப்பாத்தி அப்படியே சாப்பிடுகிற பொருள், புரோட்டாவைச் சூடு பண்ண வேண்டும், ஆகவே இது வேறு, 18% என்று பதில் வந்தது. ஊரே சிரித்தது. 2025 செப்டம்பர் மாற்றத்தில் பாக்கெட் சப்பாத்தி, பாக்கெட் புரோட்டா இரண்டுக்கும் வரியே இல்லை என்று ஆக்கி அந்தப் பஞ்சாயத்தை முடித்துவைத்தார்கள். ஆனால் அதே புரோட்டாவை ஓட்டலில் உட்கார்ந்து சால்னா ஊற்றிச் சாப்பிட்டால் அது பொருள் அல்ல, சேவை, 5% உண்டு.

இரண்டாவது பில், துணிக்கடை. இதில் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே சொல்வேன். சட்டையின் எம்ஆர்பி 1,999 ரூபாய், கடை வாசலில் 30% தள்ளுபடி என்று பலகை. கழித்தால் 1,399 ரூபாய் 30 காசு. அதோடு முடிந்திருக்க வேண்டும். கல்லாவில் அதன் மேல் 5% என்று 69 ரூபாய் 97 காசு சேர்த்து 1,469 வாங்கியிருக்கிறார்கள். எம்ஆர்பிக்குள் வரி இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, அதில் 30% கழித்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்துவிட்டு மறுபடி வரியை மேலே ஏற்றினால் உண்மையில் கிடைத்தது இருபத்தாறரை சதவீதத் தள்ளுபடிதான். எம்ஆர்பியைத் தாண்டவில்லையே, அப்புறம் என்ன தப்பு என்று கடைக்காரர் கேட்பார். தப்பு விளம்பரத்தில் இருக்கிறது. இப்படித் தள்ளுபடி விலைக்கு மேல் வரி சேர்ப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் ஆணையங்கள் ஏற்கனவே தீர்ப்பு சொல்லியிருக்கின்றன. ‘வரி தனி’ என்று மூலையில் குட்டி எழுத்தில் போட்டிருந்தோம் என்று சொல்லித் தப்பவும் விடவில்லை. பில்லோடு கடைக்குப் போய் மேலாளரிடம் அமைதியாகக் கேளுங்கள், பெரும்பாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

துணிக்குப் பொதுவான கணக்கு என்னவென்றால், தைத்த ஆடை ஒன்று 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் போனால் 18%. அந்த 2,500 என்பது தள்ளுபடி போக, வரி சேர்க்காத விற்பனை விலை. செருப்புக்கும் ஜோடிக்கு அதே வரம்பு. ஆனால் புடவை தைத்த ஆடை இல்லை, துணி. ஆகவே திருபுவனத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்குப் பட்டுப்புடவை எடுத்தாலும் 5%தான், வேட்டியும் அப்படியே, மகனுக்கு 2,600 ரூபாய்க்கு ஒரு சட்டை எடுத்தால் 18%. கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. அப்படியே நகைக்கடைக்கும் போவீர்கள், அங்கே தங்கத்தின் விலை, செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 3%.

மூன்றாவது பில்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

டிபன் 640 ரூபாய், சிஜிஎஸ்டி 16, எஸ்ஜிஎஸ்டி 16, சர்வீஸ் சார்ஜ் 32, ஆக மொத்தம் 704. பார்ப்பதற்கு ஒழுங்கான பில். அடியில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ‘காம்போசிஷன் டாக்சபிள் பெர்சன்’ என்று ஆரம்பிக்கிறது. அதை முழுதாகத் தமிழில் சொன்னால், இவர் தொகுப்பு முறையில் வரி கட்டுகிறவர், வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கும் தகுதி இவருக்கு இல்லை என்று அர்த்தம். வசூலிக்க எனக்குத் தகுதி இல்லை என்று அவரே எழுதி, அதே பில்லில் சற்று மேலே வசூலித்தும் இருக்கிறார்!

காம்போசிஷன் என்பது ஒன்றரைக் கோடி விற்றுமுதல் வரையிலான சின்ன வியாபாரிகளுக்குக் கொடுத்த சலுகை. அதில் சேர்ந்த ஓட்டல்காரர் தன் விற்றுமுதலில் 5% தன் கையிலிருந்து கட்ட வேண்டும், கணக்கு எழுதுகிற தொல்லை குறைவு, பதிலுக்கு வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாகக் கேட்கக் கூடாது. சாதாரண முறையில் உள்ள ஓட்டல் உங்களிடம் 5% வாங்கலாம், அது சரி. ரொம்பப் பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள், அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகிற இடத்தில், சாப்பிட்டால் 18%.

ஆனால் உடனே சண்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அந்த அடி வாசகம் பழைய பில் மென்பொருளில் மாற்றாமல் விட்டதாகவும் இருக்கலாம், அவர் நடுவில் சாதாரண முறைக்கு மாறியிருக்கலாம், இப்படி இரண்டு மூன்று தடவை நானே பார்த்திருக்கிறேன். பில்லில் உள்ள 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு என்றால் 33-இல் ஆரம்பிக்க வேண்டும், அடுத்த பத்தும் அவருடைய பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடுகிற இடத்தில் அதைப் போட்டால் கடையின் பெயரும், அவர் சாதாரண முறையா காம்போசிஷனா என்பதும், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதும் வந்துவிடும். உள்நுழையத் தேவையில்லை, காசும் கிடையாது. காம்போசிஷன் என்று வந்தால் ஜிஎஸ்டி என்று வாங்கிய 32 ரூபாயைக் கேட்டு வாங்குங்கள். எண்ணே இல்லாமல் துண்டுச் சீட்டில் ஜிஎஸ்டி என்று எழுதிக் கேட்கிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது வரி அல்ல, அவருக்கு நீங்கள் கொடுக்கும் அன்பளிப்பு.

சர்வீஸ் சார்ஜ் 32 ரூபாய், அது வரியே இல்லை. அரசுக்கு அந்தக் காசு போகாது. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலேயே வழிகாட்டுதல் போட்டது, ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. இதை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் எடுக்க வேண்டும். பரிமாறிய பையனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அவன் கையிலேயே கொடுங்கள்.

மகன் சொன்னது சரி. பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள் இன்னும் வரவில்லை. மத்திய அரசு கலால் வரியும், மாநில அரசு வாட் வரியும் போடுகின்றன, அது பங்க் விலைக்குள்ளேயே அடக்கம், பில்லில் பிரித்துக் காட்ட மாட்டார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் பெட்ரோல் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைந்ததே, அது இந்த மாநில வரியைக் குறைத்ததால்தான். மதுவும் இப்படித்தான், ஜிஎஸ்டிக்கு வெளியே.

அந்தப் பழைய பெயர் விஷயம் இங்கேதான் வருகிறது. பொது விற்பனை வரி இந்தியாவிலேயே முதலில் வந்தது நம் சென்னை மாகாணத்தில், 1939-இல், ராஜாஜி ஆட்சியில். ஏன் வந்தது? 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கினார், கள், சாராய வருமானம் போயிற்று, அந்தக் குழியை நிரப்பத்தான் இந்த வரி. இன்று மளிகை, துணி, சோப்பு எல்லாம் ஜிஎஸ்டிக்குப் போய்விட்டன, பழைய விற்பனை வரியின் வாரிசான வாட்டில் மாநிலத்துக்கு மிச்சமிருப்பது முக்கியமாக இரண்டுதான், பெட்ரோல் டீசல் ஒன்று, டாஸ்மாக் சரக்கு இன்னொன்று. மதுவின் வருமானத்தை விடுவதற்காகப் பிறந்த வரி கடைசியில் மதுவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது.

கடிதத்தின் ஓரத்தில் ‘பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்கிறார்களே’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். 200 ரூபாய்க்குக் கீழே வாங்கினால், நீங்கள் கேட்காதவரை, பதிவு பெற்ற கடையும் தனி பில் போடக் கட்டாயம் இல்லை, அதனால் கொத்தமல்லிக் கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் பில் கேட்டு வரிசையில் நிற்பவர்களைக் கடுப்பேற்ற வேண்டாம். மிக்சி, மின்விசிறி, செல்போன் என்று வந்தால் குறைக்கிற அந்த 18% ஆசை காட்டும்தான், ஆறு மாதத்தில் மோட்டார் கருகினால் வாரண்டிக்குக் காட்ட உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. என் மைத்துனர் ஒருத்தர் இப்படி ஒரு கிரைண்டர் வாங்கி, அது இப்போது மாடியில் துளசிச் செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

துணிக்கடைக்காரரும் ஓட்டல்காரரும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். போன் செய்வதற்கு முன்னால் இன்றைக்கே ஒன்று செய்துவிடுங்கள்: மூன்று பில்லையும் ஜெராக்ஸ் எடுங்கள். அவை சூட்டில் அச்சாகிற தாள், உங்கள் நோட்டுக்குள் வைத்தாலும் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். ஓட்டல் பில்லில் அந்த அடி வாசகம் இப்போதே பாதிதான் தெரிகிறது.